குளிர் வேண்டும் பயிர்

எங்கள் ஐயா ஊரில் வெண்காயம் செய்தவர். அந்தத் துணிவில், இங்கிலாந்தில் நகரசபை வாடகைக்குத் தந்த தோட்டத்துண்டில் போன சித்திரையில் உள்ளி நட்டேன். ஆடியில் கிண்டினால் பல் பிரியாத வெறும் உருண்டைகள். "குளிர் படாவிட்டால் பல் பிரியாது. ஒக்ரோபரில் நட வேண்டும்" என்றார் பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரக் கிழவர்.

இந்த ஒக்ரோபரில் தொழிற்சாலையில் இரவுவேலை முடித்து நேரே தோட்டத்துக்குப் போனேன். உள்ளிப்பல்லைக் கூர் மேலே பார்க்க, ஓரங்குல ஆழத்தில், 15 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு ஊன்றினேன். மனைவி வெண்காயத்தை நுனி மட்டும் தெரிய நட்டா.

"ஆடியிலதானே கிண்டலாம். எங்கட விசா வைகாசியோட முடியுதே?" என்று கேட்டா. நான் பதில் சொல்லாமல் அடுத்த பல்லை ஊன்றினேன்.

இப்போது பாத்தியெல்லாம் பச்சை முளை. புதிதாக வந்த உறவுகளே, துண்டு நிலம் கிடைத்தால் குளிருக்குப் பயந்து சித்திரைவரை காத்திராதீர்கள்.