உயர்த்தித் தாழ்த்தல்

கலைப்பீட மாணவனாகிய எனக்கு மோட்டார் வாகனத்தோடு இருந்த உறவு, அதில் ஏறி இறங்குவதோடு முடிந்திருந்தது. சென்ற விடுமுறையில் எங்கள் பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் நிலத்தோடு படிந்து ஓடவேண்டுமென்று அண்ணா பிடிவாதம் பிடித்தமையால், அவ்வறியாமை சற்றே கலைந்தது.

அண்ணா கண்ட வழி எளியது. முன் ஸ்பிறிங்குகளில் ஒவ்வொரு சுற்றை வெட்டுவித்தார். கார் தாழ்ந்தது, ஆனால் சுற்றுக் குறைந்த ஸ்பிறிங் முன்னிலும் விறைத்தது. சில்லு மேலெழும்ப இருந்த இடமும் சுருங்கியது. முதல் வேகத்தடையிலேயே இடித்த இடியில், பின்னிருக்கையிலிருந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

கராச்சிலிருந்த முதியவர் காரைக் குனிந்து பார்த்தார். "பதிக்கோணுமெண்டால் அச்சையெல்லோ தம்பி உயர்த்தோணும்" என்றார். தாழ்த்துவதற்கு உயர்த்துவதா? நான் விழிப்பதைக் கண்டு, நிலத்தில் கரித்துண்டால் வரைந்து விளக்கினார்.

முன்சில்லு ஒரு குறும் அச்சிலே சுழல்கிறது. நிமிர்ந்த தாங்கி ஒன்றிலிருந்து அவ்வச்சு வெளியே நீண்டு நிற்கிறது. தாங்கியை மேலும் கீழுமாக இரு கைகள் வண்டியோடு பிணைக்கின்றன. தாங்கியில் அச்சின் இடத்தை 50 மில்லிமீற்றர் மேலே கொண்டுசென்றால், சில்லு நிலத்திலேயே நிற்க, வண்டி 50 மில்லிமீற்றர் கீழிறங்கும். ஸ்பிறிங்கும் கைகளும் பழைய நிலையிலேயே இருக்கும்.

கேட்பதற்கு எளிது, செய்வதோ அரிது. அச்சு உயர்ந்தால், கீழ்க்கையின் முனை சில்லின் றிம்மை நெருங்கும். சிறிய றிம் எனில் உராயும். அம்முனை றிம்மின் விளிம்பிலும் தாழ்ந்துவிட்டால், ரயர் காற்றிழக்கும்போது அது வீதியில் உரசும். பிறேக்கைத் தாங்கும் பகுதி அச்சோடு உயரவேண்டும். ஸ்ரியறிங் கோல் பொருந்தும் இடமோ அசையக்கூடாது. அசைந்தால், குழியில் விழுந்தெழும் ஒவ்வொரு முறையும் சில்லு தானாகவே திரும்ப முயலும். எல்லாவற்றுக்கும் மேலாக வலிமை. ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட வண்டி வளைவில் திரும்புகையில், அச்சின் அடிப்பகுதியே பெரும் வளைவிசையைத் தாங்குகிறது. அங்கே கூர்மூலை இருந்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதிலிருந்து தொடங்கும். ஆகவேதான் அவ்விடத்தை வளைவாகக் கடைகிறார்கள்.

"வெட்டி, உயர்த்தி, ஒட்டித் தாருங்கோவன்" என்றார் அண்ணா.

"ஒட்டலாம். சூடுபட்ட இரும்பு எப்ப விடுமெண்டு ஆருக்குத் தெரியும்? அதில கொம்மாவை ஏத்துவியோ?"

அண்ணா பதில் பேசவில்லை.

ஒரு பொருளைத் தாழ்த்துவதென்றால் அதிற் சிறிது குறைத்தாற் போதும் என்றே நானும் எண்ணியிருந்தேன். கட்டுரைகளையும் பலவேளை அவ்வாறே சுருக்கியிருக்கிறேன். ஓரிடத்தை மாற்றுபவன், அதனோடு பிணைந்த அனைத்துக்கும் கணக்குச் சொல்லவேண்டும் என்பதை விரிவுரை மண்டபத்தில் அன்றி, எண்ணெய் படிந்த அந்நிலத்திலேதான் கற்றேன்.

முதியவர் முழுச் சுற்றுள்ள பழைய ஸ்பிறிங் இரண்டைத் தேடிப் பூட்டினார். கார் பழைய உயரத்துக்கே வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா மறுபேச்சின்றி அதில் ஏறிக் கோயிலுக்குப் போனார்.