கயிற்றை விடும் நேரம்

ஓமான் நாட்டின் தலைநகர் மஸ்கத்திலிருந்து கடற்கரை வழியே சுமார் 200 கிலோமீட்டர் சென்றால் சூர் என்னும் தொன்மையான துறைமுகத்தை அடைவீர்கள். மலபாரின் தேக்கு மரத்தால் இங்கே கட்டப்பட்ட பாய்க்கப்பல்கள் ஒரு காலத்தில் இந்தியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்று வந்தன. அவற்றுள் ஒன்றான ‘ஃபத்ஹுல் கைர்’ இன்று கரைமீது காட்சிக்கு நிற்கிறது. அதன் அருகே சற்று நின்று, நடுக்கடலில் அதனைத் திருப்பிய மனிதர்களை எண்ணிப் பாருங்கள்.

எதிர்க்காற்றில் எந்தப் பாய்க்கப்பலும் நேராகச் செல்ல இயலாது. ஒரு பக்கம் சாய்ந்து சிறிது தூரம், பின்னர் மறுபக்கம் சாய்ந்து சிறிது தூரம் என வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் பக்கம் மாறியாக வேண்டும். இந்த அரபுக் கப்பல்களிலோ, பாயைத் தாங்கும் பருமல் என்னும் நீண்ட மரத்தையே பாய்மரத்தின் மறுபக்கத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். பெரிய கப்பல்களில் அந்தப் பருமல் பல மரங்களை இணைத்துக் கட்டியதாகும்.

ஆகவே, அவர்கள் கப்பலின் பின்புறம் காற்றை நோக்குமாறு திருப்புவார்கள். நகுதா குரல் கொடுப்பார். உடனே பாயின் பின்மூலையை இழுத்துப் பிடித்திருக்கும் கயிறு அவிழ்க்கப்படும். கட்டிலிருந்து விடுபட்ட பாய் முன்புறமாகக் கொடியைப் போல் பறக்கும். பருமலின் அடிமுனையைப் பாய்மரத்தருகே இழுத்து, அதனை ஏறக்குறைய நிமிர்த்தி நிறுத்தி, மறுபக்கம் தள்ளுவார்கள். கயிற்றின் முனையை எடுத்துக்கொண்டு சிலர் முன்புறமாகச் சுற்றி ஓடுவார்கள். பிறகு எல்லோரும் ஒரே குரலில் பாடி இழுத்து, புதிய பக்கத்தில் அதனை இறுகக் கட்டுவார்கள்.

கயிறு உரிய கணத்தில் அவிழாமல் சிக்கிக்கொண்டால் என்னவாகும்? காற்று பாயை மரத்தோடு சேர்த்து அழுத்தும். மரம் முறியலாம், கப்பலே கவிழலாம். ஆகையால் அக்கயிற்றுக்கு இடும் முடிச்சு புயலிலும் நழுவாததாகவும், ஒரே இழுப்பில் அவிழ்வதாகவும் இருத்தல் வேண்டும். கட்டத் தெரிந்தவன் பாதி மாலுமியே; உரிய நேரத்தில் விடவும் தெரிந்தவனே முழு மாலுமி!

ஆலன் வில்லியர்ஸ் என்னும் ஆஸ்திரேலிய மாலுமி 1938-39ஆம் ஆண்டுகளில் குவைத் கப்பல் ஒன்றில் பயணம் செய்து, இத்தகைய வாழ்வை நூலாக எழுதி வைத்தார். ஆனால் அந்த வேலையைச் செய்த கைகள் பெரும்பாலும் எதையும் எழுதி வைக்கவில்லை.

நகுதா என்னும் சொல் நம் கடலோர ஊர்களுக்கும் புதிதன்று. பாய்க்கப்பல் ஏறிய பெரியவர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருப்பின், இன்றே அவரருகில் அமர்ந்து கேளுங்கள். ஒரு துண்டுக் கயிற்றையும் அவர் கையில் கொடுங்கள். வாய் மறந்ததை விரல்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும்.