ரத்தச் சீமாட்டியின் குன்று

மேற்கு ஸ்லோவாகியாவில் சாக்டிட்ஸே என்ற கிராமம். சதுக்கத்தில் ஒரு சீமாட்டியின் மரச்சிலை. அங்கிருந்து காட்டுவழியே ஏறினால், குன்றின் உச்சியில் அவளுடைய இடிந்த கோட்டை. எனக்கு முன்னால் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த இளைஞனின் கறுப்பு பனியனில் ஓர் ஆட்டுத் தலை. பாதோரி என்ற ஸ்வீடன் இசைக்குழு 1984இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் அட்டைப்படம் அது.

கோட்டைக்காரியின் பெயரும் பாதோரிதான். எலிசபெத் பாதோரி. வேலைக்காரப் பெண்களைக் கொன்று அவர்கள் ரத்தத்தில் குளித்ததாகச் சொல்லப்படும் ஹங்கேரியப் பிரபு குலத்துப் பெண். ரத்தக் காட்டேரிக் கதைகளுக்கு டிராகுலா அப்பன் என்றால் இவள் அம்மா.

அவளை ராக் இசைக்குள் இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து வெனம் குழுவினர். 1982இல் வந்த அவர்களது 'பிளாக் மெட்டல்' ஆல்பத்தில் சீமாட்டிக்கு ஒரு பாட்டு. ஒரு இசை வகைக்கே பெயர் கொடுத்த ஆல்பம் அது. வாசிப்பில் நேர்த்தி கிடையாது. பங்க் இசையின் முரட்டு வேகம் உண்டு. நீள முடிக்காரர்கள், மொட்டைத் தலை பங்க் ரசிகர்கள் இரு தரப்புக்கும் பிடித்துப்போனது. மறு ஆண்டே ஸ்டாக்ஹோமில் குவார்த்தான் என்ற 17 வயதுப் பையன் தன் குழுவுக்கு அவள் பெயரையே வைத்தான். கராஜை மாற்றியமைத்த ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. இரைச்சலும் கரகரப்புமான அந்த ஒலியைத்தான் பிறகு நார்வேக்காரர்கள் வேதமாக எடுத்துக்கொண்டார்கள். பிளாக் மெட்டலையும் ஹார்ட்கோர் பங்க்கையும் கலக்கும் பிலடெல்பியாவின் டெவில் மாஸ்டர் போன்ற குழுக்களிலும் அதன் எதிரொலி கேட்கிறது.

ஆனால் கோட்டை சொல்லும் கதை வேறு. 1610 டிசம்பரில் சீமாட்டி கைதானாள். 1611 ஜனவரியில் பிட்சா என்ற ஊரில் அவளுடைய நான்கு வேலையாட்கள் மீது விசாரணை நடந்தது. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். மூவருக்கு மரண தண்டனை. சீமாட்டிக்கு விசாரணையே இல்லை. பிரபு குலமாயிற்றே! இந்தக் கோட்டையிலேயே அடைத்துவைத்தார்கள். 1614 ஆகஸ்டில் இறந்தாள். மன்னர் அவள் குடும்பத்துக்குக் கடன்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, எல்லாமே சதி என்று வாதிடும் வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. அந்த வாதத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அடி, சூடு, பட்டினி, குளிரில் நிறுத்திவைப்பது என்றெல்லாம் சொன்னவர்கள், ரத்தக் குளியலைப் பற்றி மட்டும் பேசவில்லை. அது 1729இல் ஒரு ஜெசுயிட் பாதிரியாரின் புத்தகத்தில்தான் முதலில் அச்சேறியது.

பாட்டு கட்டியவர்களுக்குப் பிடித்தது அந்தக் குளியல்தான். இறந்த பெண்களின் எண்ணிக்கையில்கூட உடன்பாடு இல்லை. சில டஜன் என்பார்கள், 650 என்பார்கள். வேலை தேடி மேலே ஏறிய அந்த ஏழைப் பெண்களுக்குச் சதுக்கத்தில் சிலை எதுவும் என் கண்ணில் படவில்லை.

1708இல் கலகக்காரர்கள் கைப்பற்றிய பிறகு பாழடைந்த கோட்டையைச் செப்பனிட்டு 2014இல் மறுபடி திறந்தார்கள். உச்சியில் நல்ல காற்று. ஆட்டுத் தலை பனியன்காரன் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கைகட்டி முறைத்தான். அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் வழிய வழிய நின்றுகொண்டிருந்தது. நகரச் சொல்லவில்லை, அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.