காசு காசாய் வெயில்

ஆனி மாதத் தொடக்கத்தில் பட்டீஸ்வரம் முத்துப்பந்தல் விழாவின் படம் செய்தித்தாளில் வந்திருந்தது. திருச்சத்திமுற்றத்திலிருந்து கடும் வெயிலில் நடந்து வந்த திருஞானசம்பந்தருக்குச் சிவபெருமான் பூதகணங்களிடம் முத்துப்பந்தல் கொடுத்தனுப்பினார் என்பது தலவரலாறு. படத்தைத் தஞ்சாவூரில் இருக்கும் கட்டடக்கலை நண்பருக்கு அனுப்பினேன். உடனே தொலைபேசியில் அழைத்தார். "கீற்றுப் பந்தல் பார்த்துப் பார்த்துப் போடுற பெரியவர் ஒருத்தர் பாபநாசம் பக்கம் இன்னும் இருக்கார். நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுல வேலை. போய்ப் பாருங்க."

காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பந்தக்கால் நட்டு, மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டியிருந்தார்கள். சவுக்குக் கம்பும் மூங்கிலும் கீற்றுக் கட்டுகளும் திண்ணையோரம் கிடந்தன. பெரியவர் எதையும் தொடவில்லை. தெரு நடுவில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கங்கே செங்கல் துண்டுகள்.

"நேத்து உச்சிப்பொழுதுல வேப்பமர நிழலும் வீட்டு நிழலும் எதுவரைக்கும் விழுதுன்னு அடையாளம் வச்சேன் தம்பி. இருக்குற நிழலுக்கு மேல எதுக்குப் பந்தல் போடணும்?"

பிறகு வீட்டுக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்டார். அடுப்பு எங்கே? மேளக்காரர்கள் எங்கே உட்காருவார்கள்? வயசானவங்க எந்தப் பக்கம்? அடுப்பை ஏன் முதலில் கேட்டார் என்பது எனக்கு மாலையில்தான் விளங்கியது.

குழி தோண்டுவதும் கால் நடுவதும் விறுவிறுவென்று முடிந்தன. அதன்பின் கயிறு வந்தது. தண்ணீர்த் தொட்டியில் ஊறிய தேங்காய் நார்க் கயிறு. நனைத்துக் கட்டினால் முடிச்சு வழுக்காது என்றார். ஓர் ஆணிகூட இல்லை. மூங்கிலும் சவுக்கும் சேரும் இடத்தில் குறுக்கே மூன்று சுற்று, நெடுக்கே இரண்டு சுற்று, நடுவில் ஓர் இறுக்கு. கயிற்றின் நுனியை மட்டும் மடித்துச் செருகிவிடுகிறார். "பிரிக்கிறப்ப இந்த நுனியை இழுத்தா போதும். போடுறப்பவே பிரிக்கிறதை நினைச்சுக்கணும்." அவர் வீட்டுக் கயிறுகளில் சில பத்துப் பந்தல்களுக்கு மேல் பார்த்தவையாம். விரல்களின் உட்புறம் முழுக்கக் காய்ப்பு. முடிச்சுப் போடும்போது கண் அங்கே இருப்பதில்லை, அடுத்த மூங்கிலில் இருக்கிறது.

கீற்றைப் பரப்பும் வேலைதான் என்னை அன்று முழுவதும் அங்கேயே உட்கார வைத்தது. கொட்டகை மழைக்கு, பந்தல் வெயிலுக்கு என்பது அவர் கணக்கு. கொட்டகைக்குக் கீற்று நெருக்கமாக வேண்டும், சரிவு வேண்டும். பந்தலுக்கு இடைவெளி வேண்டும். மேலே ஒரு பையன் கீற்றை அடுக்க, இவர் கீழே நின்று தரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார்: "இங்க கொஞ்சம் விலக்கு. அங்க ஒண்ணு சேர்த்துப் போடு." தரையில் வெயில் வட்ட வட்டமாகக் காசு போல விழுந்தது. கீற்று இடுக்கு சிறியதாக இருந்தால், அது எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழுவது வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனின் உருவம். அறிவியல் புத்தகத்தில் ஊசித்துளைக் கேமரா என்று படித்தது இங்கே ஒரு தெரு முழுக்க விரிந்து கிடந்தது. "காசு காசா விழணும். பட்டையா விழுந்தா கண்ணு கூசும், சுத்தமா விழலைன்னா இருட்டடிச்சு மனசு கனத்துப்போவும்" என்றார்.

மேற்கே சாயங்கால வெயிலுக்குத் தட்டி இறக்கி, அடியில் முழங்கால் உயரத்துக்குத் திறந்து விட்டிருந்தார். ஆனி மாத மேல்காற்று அதன் வழியே உள்ளே வந்து, சூடேறியதும் கீற்று இடுக்குகளில் மேலே போய்விடுகிறது. மதியம் உள்ளே போய் உட்கார்ந்தேன். இதே தெருவில் தகரப் பந்தலின் அடியில் ஒருமுறை விருந்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். தகரம் தான் வாங்கிய சூட்டைத் தலையில் இறக்கும், பேச்சு முட்டி மோதித் திரும்பும். இங்கே பேச்சைக் கீற்று வாங்கிக்கொண்டது. என்னை அறியாமல் குரல் தணிந்தது. வீட்டுப் பாட்டி ஒருவர் வந்து சுவரில் சாய்ந்தார், அப்படியே கண்ணயர்ந்தார்.

சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். பன்னிரண்டு வயதில் அப்பாவுக்குக் கயிறு எடுத்துக் கொடுக்க வந்தவர். தொழிலுக்கு முதல் அடி தீயால் விழுந்தது. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பந்தல் எரிந்தது, மணமகனும் போனார். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள். "அந்தப் புள்ளைங்களுக்கு அப்புறம் கீத்தைத் தொடவே கை கூசுச்சு. ஜனங்க பயந்ததுல தப்பே இல்ல." நான்கு வருடம் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பினார். இப்போது அடுப்பு எங்கே என்று கேட்காமல் கால் நடுவதில்லை. கீற்றுக்குக் கீழே விளக்கு, ஒயர் கட்ட விடுவதில்லை. மாலையானால் தண்ணீர் தெளிக்கிறார். 2018 நவம்பர் கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகள் சாய்ந்தபோது கீற்று கிடைக்காமல் இன்னொரு அடி விழுந்தது. அவர் மனைவி ஊறப்போட்டு முடைந்த கீற்றுதான் தொழிலைத் தாங்கியது.

அவருக்கு நாள் கூலி. கல்யாண வீட்டிலிருந்து பணம் வாங்குபவர் ஒப்பந்தக்காரர், வாங்குவது சதுர அடிக் கணக்கில். பந்தல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு லாபம். மர நிழலை விட்டுவிட்டுப் பந்தலைச் சிறிதாக்குகிற இந்த மனிதரின் அறிவு அந்தக் கணக்கில் நஷ்டம். முதல் நாள் செங்கல் துண்டு வைத்துப் பார்த்த நேரத்துக்குக் கூலி கிடையாது. காற்றுக்கு வழி யோசித்ததற்குக் கிடையாது. ஒரு கயிறுகூடக் கட்டாதவர் கையில் பெரும்பங்கு தங்குகிறது. இதைக் கொள்ளை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நாமும் இதில் கூட்டு. பந்தல் போட்டவர் யாரென்று எந்தக் கல்யாண வீட்டிலாவது கேட்டிருக்கிறோமா?

போட்டவர் பெயர் கேட்கப்படும் இடங்களும் உண்டு. லண்டனில் செர்பென்டைன் கலைக்கூடம் 2000-லிருந்து பெரும்பாலும் கோடைதோறும் ஒரு தற்காலிகக் கூடம் எழுப்புகிறது. 2011-இல் சுவிட்சர்லாந்துக் கட்டடக்கலைஞர் பீட்டர் சூம்தோர் கறுப்புச் சுவர்களுக்கு நடுவே ஒரு தோட்டத்தை வைத்து, வந்தவர்களை அமைதியாக உட்கார வைத்தார். சில மாதங்களில் பிரிக்கப்பட்ட அந்தக் கூடம் அவர் பெயரால் இன்றும் பேசப்படுகிறது. நண்பர் அதன் படங்களைக் காட்டியிருக்கிறார். அதனால் பெரியவரிடம் சொன்னேன்: "ஐயா, உங்க பேரைக் கட்டுரையில போடறேன்."

"வேணாம் தம்பி. ஒப்பந்தக்காரர் பார்த்தா அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டாரு."

கல்யாணத்துக்கு மறுநாள் மீண்டும் போனேன். நுனியை இழுக்க இழுக்க முடிச்சுகள் அவிழ்ந்தன. அரை நாளில் பந்தல் இல்லை. குழிகளை மண் போட்டு நிரப்பி, தண்ணீர் ஊற்றி, காலால் மிதித்துச் சமன் செய்தார். கயிற்றைச் சுருட்டி எண்ணினார். பாட்டி திண்ணைக்கு வந்து தெருவைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கலாமேப்பா."

பெரியவர் நிமிர்ந்து சிரித்தார். அவர் தொழிலுக்கு யாரோ சொன்ன நல்ல வார்த்தையாக அந்த மூன்று நாட்களில் நான் கேட்டது அது ஒன்றுதான்.