கிணற்றடி

கலைப்பீட மாணவர்க்குக் கணினி எதற்கு என்று கேட்பார் இன்று எவருமிலர். ஆயினும் அதனைச் சரிவரக் கையாள அறிந்தோர் எம்முள் எத்தனை பேர் என்று கேட்பின், விடை பெருமைக்குரியதாக இராது. கைத்தொலைபேசியிலே விரலை ஓட்டுவதற்கு எம் தலைமுறைக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனாலேயே கணினியும் தெரியும் என்ற மயக்கம் எம்மிடையே உண்டு. ஒரு கோப்பினைச் சேமித்தால் அது எங்கே போய்க் கிடக்கின்றது என்பதை அறியாமலே நான் இரண்டாம் வருடத்திற்கு வந்து சேர்ந்தேன்.

அம்மயக்கம் தெளிந்த நாள் நன்கு நினைவிருக்கின்றது. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய ஒப்படையொன்றை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதனைத் திறந்த விரிவுரையாளர், இது எந்த மொழி என்று வகுப்பிலே கேட்டார். எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்து வைத்தேன். பின்னரே காரணம் விளங்கிற்று. பாமினியில் நாம் ‘அம்மா’ என்று எழுதுகையில் கணினி தன்னுள்ளே பதிந்து கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பனவற்றையே. தமிழ் வடிவம் மேலே போர்த்திய போர்வை மாத்திரமே. போர்வை விலகினால் ஆங்கில எழுத்துக்கள் வெறுமேனியாக நிற்கும். ஒருங்குறியில் அவ்வாறன்று. அங்கே அகரத்திற்கும் மகரத்திற்கும் தத்தமக்கென எண்கள் உண்டு. எந்தக் கணினியிலும் அவை தமிழாகவே நிற்கும், தேடினாலும் அகப்படும்.

அவ்விடுமுறையில் எங்கள் ஊர்ப் பொது நூலகத்திற்குச் சென்றேன். அங்கே மூன்று கணினிகள் இருந்தன, ஒன்றே இயங்கிற்று. பத்திரிகை வாசிக்க வரும் முதியவர்கள் அதன் மேசையிலே குடையை வைத்துவிட்டுப் போவது வழக்கம். நூலகப் பொறுப்பாளரான அக்கா குடைகளை அகற்றி என்னை இருத்தி, கோப்புறை அமைப்பது, பென்டிரைவில் சேமிப்பது, இணையப் பக்கமொன்றினுள்ளே ஒரு சொல்லைத் தேடுவது என்பனவற்றை ஒரு பிற்பகலிலே காட்டித் தந்தார். மூன்றாண்டு பல்கலைக்கழகக் கல்வியிலும் இவ்வளவு பயன்பட்ட பிற்பகல் வேறொன்று எனக்கு வாய்க்கவில்லை. அவரே ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தையும் திறந்து காட்டினார். 2005ஆம் ஆண்டு தன்னார்வலர் சிலரால் தொடங்கப்பட்ட அத்தளத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் என்பன பக்கம் பக்கமாக ஒளிவருடப்பட்டு எவரும் கட்டணமின்றி வாசிக்க வைக்கப்பட்டுள்ளன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன என்று படித்து வளர்ந்தவள் நான். அந்த எண்ணை எத்தனையோ மேடைப் பேச்சுக்களில் ஒப்புவித்துமிருக்கிறேன். ஒரு நூல் அழிவதென்றால் என்னவென்பது அந்த எண்ணால் எனக்கு விளங்கியதில்லை. அதனை விளங்க வைத்தது எங்கள் வீட்டுக் கதையொன்று.

என் அம்மம்மா தமது பத்தொன்பதாம் வயதில், 1964இல், ஒரு சிறுகதை எழுதினார். அது சஞ்சிகையொன்றில் அச்சேறிற்று. அதுவே அவர் எழுதிய முதற்கதை. கடைசிக் கதையும் அதுவே. அடுத்த ஆண்டு திருமணமாயிற்று. ஏன் பிறகு எழுதவில்லை என்று கேட்டால், “ஆர் பிள்ளை எழுத விட்டது?” என்பார், சில வேளை, “எனக்கும் நேரமில்லை” என்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அச்சஞ்சிகைப் பிரதியை முப்பது ஆண்டுகள் ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது பெட்டியை எடுக்க இயலவில்லை. திரும்பி வந்தபோது வீட்டிற்குக் கூரையே இருக்கவில்லை. பெட்டியைப் பற்றி எவர் கேட்பார்?

கதையின் தலைப்பு ‘கிணற்றடி’ என்றும், தம் புனைபெயர் ‘சரோஜினி’ என்றும் அம்மம்மா சொன்னார். இரண்டையும் தேடுபெட்டியில் இட்டேன். வந்தவை எல்லாம் வேறு சரோஜினிகள். மறுநாளும் அதே கதிதான். மூன்றாம் நாள் அக்கா சொன்னதுதான் எனக்குக் கிட்டிய மெய்யான பாடம். ஒளிவருடிய பக்கம் வெறும் படமே. அதிலுள்ள எழுத்தைத் தேடுபெட்டி வாசிப்பதில்லை. அட்டவணையிலுள்ள தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் யாரோ ஒருவர் இருந்து தட்டெழுதியிருந்தால் மட்டுமே அது அகப்படும். தட்டெழுதியவரோ அச்சில் உள்ளதையே எழுதுவார். அச்சில் வேறு விதமாக இருந்தால்?

ஆகவே தேடுவதை விட்டு வாசிக்கத் தொடங்கினேன். அச்சஞ்சிகையின் 1964ஆம் ஆண்டு இதழ்களை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளடக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். ஐந்தாவது இதழில் ‘கிணற்றங்கரை’ என்றொரு சிறுகதை, எழுதியவர் ‘சரோசினி’. வடவெழுத்தை வேண்டாத ஆசிரியர் போலும், ஜகரத்தைச் சகரமாக்கிவிட்டார். மனிதக் கண்ணுக்கு அவ்விரண்டும் ஒரே பெண்தான். கணினிக்கு ஜவும் சவும் வேறு வேறு எண்கள். ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைத் தராது. அம்மம்மாவின் நினைவில் இருந்தது தாம் எழுதியது, அச்சானது அன்று.

நான்கு பக்கங்கள். பென்டிரைவில் ஏற்றி, அயல் வீட்டு அண்ணாவின் மடிக்கணினியை இரவல் பெற்று, எழுத்தைப் பெருப்பித்து அம்மம்மாவின் முன் வைத்தேன். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய றாவும் ணையும் எனக்கு இடறின, அவருக்கு இடறவில்லை. முதலில் தலைப்பைப் பார்த்துக் கோபித்தார். “அந்த மனிசன் மாத்திப்போட்டுதே! கங்கைக்கெல்லோ கரை இருக்கு, கிணத்துக்குக் கரை ஏது?” அறுபது ஆண்டுகளின் பின்னும் ஆறாத கோபம் அது. பிறகு பேச்சில்லை. நான் சுட்டியை உருட்ட, அவர் வாசித்துக்கொண்டே போனார். பக்கம் முடிந்ததும் விரலை உயர்த்துவார். நான் அடுத்ததைக் காட்டுவேன்.

நாலாம் பக்கத்தின் கீழ்மூலை கிழிந்திருந்தது. தப்பிய அந்தப் பிரதி அப்படித்தான் இருந்திருக்கிறது. இறுதி நாலைந்து வரிகள் இல்லை. நான் பதறினேன், அம்மம்மா பதறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். தண்ணீர் அள்ள வந்த பெண், வாளியைக் கயிற்றோடு கிணற்றுள் நழுவவிட்டு, வெறுங்கையோடு படலையைத் திறந்துகொண்டு போகிறாள். எங்கே போனாள் என்று கதையில் இல்லையாம். ஆசிரியர் அதனைக் கேட்டுக் கடிதம் எழுதினாராம். இவர் பதில் போடவில்லையாம்.

“இதிலை அதை எழுதிவிடேலாதோ?” என்று திரையிலே கிழிந்த மூலையைத் தொட்டுக் கேட்டார். படத்தில் எழுத இயலாது, எழுதவும் கூடாது என்றேன். தனியே தட்டெழுதித் தருகிறேன், அத்தளத்தாருக்கு ஒரு குறிப்போடு அனுப்பிப் பார்க்கலாம் என்றேன். அவர் சற்று யோசித்தார்.

“அப்ப முழுக்க எழுது. தலைப்பு கிணற்றடி. பேரையும் நான் வைச்ச மாதிரியே போடு.”

ஒருங்குறியில் புதுக் கோப்பொன்றைத் திறந்தேன். அதற்கொரு பெயரிட்டு, எங்கே சேமிக்கிறேன் என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டேன். தலைப்பை எழுதி முடித்தபின், ஜகரம் எந்த விசையில் இருக்கின்றது என்று நான் தேடிக்கொண்டிருக்க, அம்மம்மா முதல் வரியைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.