கராத்தே வகுப்பு வாசலில்

பாடசாலை பிற்பகல் 1.30 மணிக்கு விடுகிறது. கடையிலோ கந்தோரிலோ வேலை செய்யும் தாய் வீடு திரும்ப 6 மணியாகிவிடும். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை எங்கே நிற்பது? ஊரில் என்றால் அம்மம்மா இருப்பார், அயலட்டை இருக்கும். போரில் துணையை இழந்து, கொழும்பில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வாழ்பவளுக்கு யார் இருக்கிறார்கள்?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் பின்னேரம் நடந்தால் இதற்கு ஒரு விடை தெரியும். ரியூசன் விளம்பரங்களுக்கு நடுவே கராத்தே வகுப்பு விளம்பரமும் தொங்கும். வாசலில் செருப்புகளும் புத்தகப் பைகளும் குவிந்து கிடக்கும். "6 மணி வரைக்கும் நிக்கட்டும் அக்கா, பயமில்லை" என்ற ஒரு சொல்லுக்காகவே பல தாய்மார் பணம் கட்டுகிறார்கள்.

நான் பார்த்த ஒரு மண்டபத்தில் 40 பிள்ளைகளுக்கு ஒரே மாஸ்டர். அவர் கதிரையில் இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய வகுப்புப் பையன் ஒருவன் எண்ணிக்கொண்டிருந்தான். கால் பிழையாக வைத்த சிறுமிக்குக் கெண்டைக்காலில் பிரம்படி விழுந்தது. ஆனால் நிறப்பட்டிச் சோதனைக்கான கட்டணம் மட்டும் தவறாமல் வாங்கப்படுகிறது என்றார் வெளியே நின்ற தாய்.

புறக்கோட்டையில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். புனித லூசியாள் பேராலயத்துக்கு அண்மையில் ஒரு சிறிய மண்டபம். அங்கே 15 பிள்ளைகள். அடிக்கக் கற்பிக்குமுன் விழக் கற்பித்தார் ஆசிரியை. உயரமும் எடையும் பார்த்தே சோடி சேர்த்தார். கதவு திறந்தே இருந்தது. பிள்ளைகள் ஒன்றாகக் குரலெழுப்பியபோது படியில் இருந்த முல்லைத்தீவுத் தாய் ஒருவர் திடுக்கிட்டார். "2009க்குப் பிறகு சத்தம் எண்டால் எனக்கு நெஞ்சு பதறும் தங்கச்சி. என்ர மகள் பயப்படாமல் கத்துறாள், அதுவே காணும்" என்றார்.

பிரம்பு கராத்தேயின் மரபு என்று சிலர் நியாயம் சொல்வார்கள். ஜப்பானின் ஒகினாவாத் தீவில் 1901ஆம் ஆண்டளவில் கராத்தேயைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தவர் அங்கோ இத்தோசு. அவர் மாணவருக்கென்று 'பின்னான்' என்ற எளிய பயிற்சிகளை அமைத்தார். பிள்ளைகளுக்கு ஏற்றபடி கலையை மாற்றியதே அவர் செய்த வேலை. பிரம்பு பிடிப்பவர் அந்த வழியில் நிற்கவில்லை.

எங்கள் நாட்டுச் சட்டமும் இதைப் பேசுகிறது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே தாக்கித் துன்புறுத்துவது குற்றம். பாடசாலைகளில் உடற்தண்டனையைத் தடுத்து 2005இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

ஆகவே சகோதரிகளே, பிள்ளையைச் சேர்க்குமுன் ஒரு வகுப்பை இருந்து பாருங்கள். தாய் பார்க்கக்கூடாது என்று சொல்லும் இடம் வேண்டாம். மாஸ்டருக்குச் சான்றிதழ் தந்த சங்கம் எது, காயம்பட்டால் யார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார், வகுப்பு முடிந்தபின் பிள்ளையுடன் யார் நிற்பார் என்று கேளுங்கள். பட்டிச் சோதனைக்கு வருடத்தில் எவ்வளவு செலவாகும் என்பதையும் முதலே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் "இண்டைக்கு என்ன பழகினாய்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். செய்து காட்டினால் நல்லது. பல நாளாகச் செய்து காட்ட ஒன்றுமில்லை என்றால், நீங்கள் கட்டுவது காவலுக்கான பணம் மட்டுமே. பிள்ளை வாய் திறக்காமல் போய்ப் படுத்தால், அடுத்த நாள் வேலையில் அரைநாள் லீவு கேட்டாவது அந்த வாசலுக்குப் போய் நில்லுங்கள்.