இருந்தபடியே பாடியவர்

மெல்பேணிலிருந்து லோர்ன் கடற்கரைக்குப் போகிற எங்கள் ஆட்களில் பலர் வின்செல்சீயில் பிரதான வீதியை விட்டுத் திரும்பி, டீன்ஸ் மார்ஷ் என்ற சின்ன ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். சுற்றிவரப் பண்ணைகள், அப்பால் ஒட்வே மலைக்காடு. 1907இல் அந்த ஊரில் பிறந்த மார்ஜரி லோரன்ஸ்தான் பின்னாளில் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒபராவின் பெரும் பாடகிகளில் ஒருவரானார். அவருடைய வாழ்க்கையை எம்.ஜி.எம். நிறுவனம் 1955இல் ‘இன்டரப்டட் மெலடி’ என்ற பெயரில் படமாக்கியது. எலனர் பார்க்கர் மார்ஜரியாக நடித்தார். திரைக்கதைக்கு ஒஸ்கார் கிடைத்தது.

மார்ஜரி இரண்டு வயதில் தாயை இழந்த பிள்ளை. 1928இல் ஜீலோங்கில் நடந்த பாட்டுப் போட்டியில் வென்று, அதே ஆண்டில் பாரிஸுக்குக் கப்பலேறினார். நாங்கள் வந்து சேர்ந்த கரையிலிருந்து அவர் புறப்பட்டுப் போயிருக்கிறார். அந்நிய ஊரில் பாஷையையும் பாட்டையும் ஒன்றாகப் படித்து, 1933இல் பாரிஸ் ஒபராவிலும் 1935 டிசம்பரில் நியூயோர்க்கிலும் மேடையேறினார். இசையமைப்பாளர் வாக்னருடைய ‘கோட்டர்டமருங்’ இசை நாடகத்தின் முடிவில் நாயகி புருன்ஹில்ட குதிரையேறி நாயகனின் சிதைத்தீக்குள் பாய வேண்டும். குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போவதே பாடகிகளின் வழக்கம். லோரன்ஸ் 1936இல் வாக்னர் எழுதிவைத்தபடியே ஏறிப் பாய்ந்தார். பண்ணை நாட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் குதிரை புதிதல்ல.

1941இல் மணமுடித்த கையோடு மெக்சிகோவுக்குப் பாடப் போன இடத்தில் போலியோ தாக்கியது. கால்கள் விழுந்துவிட்டன. அமெரிக்காவின் மினியாபொலிஸில் அவருக்குச் சிகிச்சை கொடுத்தவரும் ஓர் அவுஸ்திரேலியப் பெண்தான்: சிஸ்டர் எலிசபெத் கெனி. வாதம் வந்த கையையும் காலையும் பலகை வைத்துக் கட்டி அசையாமல் வைப்பதுதான் அந்தக் கால வைத்தியம். கெனி அதை மறுத்தார். சூடான கம்பளித் துணியால் ஒத்தடம் கொடுத்து, தசையை மெல்ல மெல்ல அசைக்கப் பழக்கினார். சொந்த நாட்டு மருத்துவர்கள் பலர் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில்தான் அவருக்கு மதிப்புக் கிடைத்தது.

பலகை வைத்துக் கட்டுவது எப்படியிருக்கும் என்பதை எனக்குச் சொன்னவர், நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டி. 1937இல் விக்டோரியா மாநிலத்தில் போலியோ பரவியபோது அவர் சின்னப்பிள்ளை. மாதக்கணக்காக ஒரு சட்டத்தில் கட்டிப் போட்டிருந்தார்களாம். தாயும் தகப்பனும் ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போவார்களாம். அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, பிரேக் இரண்டும் பூட்டியிருக்கிறதா என்று தானே கையால் தொட்டுப் பார்ப்பார். யாரையும் நம்பி விடமாட்டார். ஒரு பிற்பகல் அந்த இல்லத்தில் ‘இன்டரப்டட் மெலடி’யைப் போட்டார்கள். அவர் பக்கத்திலிருந்து நானும் பார்த்தேன்.

படத்தில் மறக்க முடியாத கட்டம் ஒன்று உண்டு. பாட்டையே வெறுத்துக் கிடக்கும் மார்ஜரியின் அறையில், கணவர் அவருடைய பழைய இசைத்தட்டைச் சுழல விட்டுவிட்டு வெளியே போகிறார். தன் குரலைத் தானே கேட்கப் பொறுக்காமல் மார்ஜரி தரையில் விழுந்து, முழங்கையை ஊன்றி ஊன்றி ஊர்ந்து போய் அந்தப் பெட்டியைத் தள்ளி விழுத்துகிறார். கமெரா அவசரப்படாமல் அந்தத் தூரம் முழுவதையும் காட்டுகிறது. மூதாட்டி கண் வெட்டாமல் பார்த்தார். “இது சரி, இப்படித்தான்” என்றார்.

முடிவில் நாயகி மேடையில் எழுந்து நிற்கிறார். இல்லத்தில் மற்றவர்கள் கைதட்டினார்கள். மூதாட்டி தட்டவில்லை. “அவளை இருந்தபடியே பாட விட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதுதான் நியாயம். 1943இல் மெட்ரோபொலிட்டன் மேடைக்குத் திரும்பிய லோரன்ஸ், ‘டான்ஹொய்சர்’ நாடகத்தில் வீனஸ் பாத்திரத்தை மஞ்சத்தில் சாய்ந்தபடியே பாடினார். அடுத்த ஆண்டு வாக்னரின் இஸோல்டா பாத்திரத்தையும் ஆசனத்தில் இருந்தே பாடினார். ஒபரா நின்றும் நடந்தும் பாடுகிற கலை. மூச்சைத் தாங்கும் தசைகளை மறுபடி பழக்கி, இருந்த நிலையில் வாக்னரின் பெரிய வாத்தியக் குழுவுக்கு மேலே குரலை எழுப்புவதென்றால் அது அசாத்தியமான உழைப்பு. சம்மணமிட்டுப் பாடும் கச்சேரி கேட்டு வளர்ந்த எங்களுக்கு, இருந்து பாடுவதில் குறையொன்றும் தெரியாது. ஹொலிவுட்டுக்கு அது போதவில்லை. எழுந்து நின்றால்தான் வெற்றி என்று நினைத்துவிட்டது. உண்மையில் லோரன்ஸுக்காக மேடை தன்னை மாற்றிக்கொண்டது என்பதுதான் இந்தக் கதையின் பெரிய விஷயம்.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. படத்தில் ஒலிப்பது லோரன்ஸின் குரல் அல்ல, ஐலீன் ஃபாரலின் குரல். ஃபாரல் மிகச் சிறந்த பாடகி, அதில் மறுபேச்சில்லை. ஆனாலும் உயிரோடு இருந்த ஒருவரின் கதையில் அவர் குரலே இல்லாமற் போனது எனக்கு ஆறவில்லை. 1930களில் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் அவர் பதிவுசெய்த வாக்னர் பாடல்கள் கிடைக்கின்றன. படம் பார்ப்பவர்கள் அவற்றையும் கேட்க வேண்டும். பின்னாளில் லோரன்ஸ் லூசியானாவிலும் இல்லினோயிலும் பல்கலைக்கழகங்களில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, 1979இல் ஆர்கன்ஸாவில் காலமானார். ஊர் திரும்பி வாழவில்லை.

எங்களுடைய கலைவிழா மண்டபமொன்றில், நல்ல சாரீரமுள்ள ஒரு பையன் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கீழே இருந்து பாடியதைக் கண்டிருக்கிறேன். மேடைக்கு ஏறப் படிகள் மட்டுமே இருந்தன. சபை உருகிக் கைதட்டியது. அந்தக் கைதட்டலை விட அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு சாய்தளம். விழா எடுக்கிற சங்கத்தாரிடம் கேட்கிறேன்: மண்டபம் பார்க்கப் போகும்போது வாகனத் தரிப்பிடத்தையும் சமையலறையையும் பார்ப்பதுபோல, மேடைக்கு நாற்காலி ஏறுமா என்பதையும் பாருங்கள். ஏறாவிட்டால் வேறு மண்டபம் எடுங்கள்.